கார்னி கெக்கில் வீட்டு பீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டல்லாஸ் பக்கம் எங்கள் வீட்டு கராஜில் பழைய பெட்டி ஃப்ரீஸர் ஒன்று இருக்கிறது. அதற்குள் மூன்று கெக், அதாவது பீர் நிரப்பி வைக்கும் உருளைகள். சனிக்கிழமை சாயங்காலம் வருகிற நண்பர்கள் முதல் கிளாஸ் முடிவதற்குள் கேட்கிற கேள்விகளும், அவர்களே பிறகு சொந்தமாகக் காய்ச்ச ஆரம்பித்து அரக்கப்பரக்க போன் செய்து கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். காய்ச்சும் பக்குவம் இதில் கிடையாது. காய்ச்சி, புளித்து முடிந்த பீரைக் கெக்கில் ஏற்றி, கடைசி கிளாஸ் வரை கெடாமல் வைத்திருப்பது எப்படி என்பது மட்டும்தான்.

வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி சரிதானா?

அமெரிக்காவில் சரி. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு, வயது வந்த ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். 200 கேலன் என்பது சுமார் 757 லிட்டர். விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்து, கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல் அனுமதித்தன.

ஊரிலிருக்கும் மச்சானுக்கு இதைப் படித்து ஆசை வந்தால்: வேண்டாம். தமிழ்நாட்டில் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சினால் அது கள்ளச்சாராயக் கணக்கில்தான் போகும்.

கார்னி கெக் என்பது என்ன?

கார்னீலியஸ் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். பீருக்காகச் செய்ததே இல்லை. ஒரு காலத்தில் உணவகங்களுக்கு பெப்ஸி, கோக் சிரப் போன எவர்சில்வர் உருளை அது. பிறகு குளிர்பானக் கம்பெனிகள் அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை என்ற முறைக்கு மாறின. வேலையில்லாமல் கிடந்த கெக்குகள் மலிவு விலையில் வீட்டுக் காய்ச்சிகள் கைக்கு வந்தன. இப்போது நமக்காகவே புதிதாகவும் செய்கிறார்கள்.

கொள்ளளவு 5 கேலன், அதாவது 19 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மேலே முட்டை வடிவ மூடி. கழற்றினால் கையை விட்டுத் தேய்க்கலாம். அதன் இரு பக்கமும் இரண்டு வால்வுகள். ஒன்றின் அடியில் குட்டைக் குழாய், அது காஸ், அதாவது கரியமில வாயு, உள்ளே போக. இன்னொன்றில் அடிவரை இறங்கும் நீளக் குழாய், அது பீர் வெளியே வர. வால்வில் ட்யூப் மாட்டும் முறை இரண்டு வகை. பெப்ஸிக்காரர்கள் பயன்படுத்தியது பால் (பந்து) லாக். கோக் பயன்படுத்தியது பின் (முள்) லாக். அதில் காஸ் பக்கம் இரண்டு முள், பீர் பக்கம் மூன்று முள். இரண்டு வகையையும் கலந்து வாங்கினால் கனெக்டர் தேடியே பாதி ஆயுள் போய்விடும். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பால் லாக்.

பழைய கெக் வாங்கினால் அதிலுள்ள ரப்பர் வளையங்கள் அத்தனையையும் அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். ரூட் பீர் என்ற குளிர்பானத்தின் வாசனை ரப்பரில் ஏறிவிட்டால் எத்தனை கழுவினாலும் போகாது. உங்கள் கோதுமை பீர் மூட்டுவலித் தைலம் மணக்கும்.

பாட்டிலே போதாதா?

போதும். ஆனால் ஒரு கெக் பீருக்கு 355 மில்லி பாட்டில் 53 வேண்டும். 53 பாட்டிலைக் கழுவி, கிருமி நீக்கி, நிரப்பி, மூடி அடித்துப் பாருங்கள். அடுத்த தடவை நீங்களே கெக் வாங்கிவிடுவீர்கள்.

பீர் ஏன் கெடுகிறது? ஆல்கஹால் இருக்கிறதே, கசப்புக்கும் மணத்துக்கும் போடும் ஹாப்ஸ் பூ இருக்கிறதே?

சுத்தமாகச் செய்த பீரில் ஆளைக் கொல்லும் கிருமி எதுவும் வளராது. கெடுகிறது என்பது இங்கே பழசாவதுதான். பழசாக்குவது காற்றிலிருக்கும் ஆக்ஸிஜன். அதை விரட்டி வேலை வாங்குவது வெப்பம்.

ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டி விட்டால் பாட்டி ஏன் கத்தினாள் என்பது நமக்குத் தெரியும். பீருக்கு அந்த ஈரக் கரண்டி காற்றுதான். புளித்துக்கொண்டிருக்கும்போது ஈஸ்ட் உள்ளே வரும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், கவலையில்லை. புளித்து முடிந்து ஈஸ்ட் அடியில் படுத்த பிறகு உள்ளே போகும் ஒவ்வொரு துளிக் காற்றும் பீரின் கணக்கில்தான் எழுதப்படும். முதலில் ஹாப்ஸ் வாசனை மங்கும். பிறகு நனைந்த அட்டைப் பெட்டியின் ருசி வரும். டிரான்ஸ்-2-நோனெனால் என்ற பொருள்தான் அதற்குக் காரணம் என்பார்கள். இன்னும் போனால் தித்திப்பாக, ஷெர்ரி ஒயின் மாதிரி ஒரு வாடை.

நான் இதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். முதன்முதலில் மங்கலான நியூ இங்கிலாந்து ஐபிஏ (ஹாப்ஸ் மணம் தூக்கலான பீர்) காய்ச்சியபோது, ஃபெர்மென்ட்டர் என்கிற புளிக்க வைக்கும் பாத்திரத்தின் குழாயைத் திறந்து, திறந்த கெக்குக்குள் பீரைச் சளசளவென்று விட்டேன். அன்றைக்கு அது மாம்பழச் சாறு நிறம், வீடெல்லாம் மணம். பத்தாவது நாள் நிறம் கொஞ்சம் சோர்ந்திருந்தது. மூன்றாவது வாரம் கிளாஸில் விழுந்தது ஆறிப்போன டீயில் சாம்பலைக் கலக்கிய நிறம். மணம் சுத்தமாக இல்லை. நண்பர் ஒருவர் மரியாதைக்காக அரை கிளாஸ் குடித்தார். அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

கணக்குப் போட்டால் ஆச்சரியம் தீர்ந்துவிடும். பெரிய ஆலைகள் அடைக்கிற பீரில் மொத்த ஆக்ஸிஜன் நூறு கோடிக்கு 50 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். நாம் கெக்கின் மேல்பக்கம் ஒரே ஒரு லிட்டர் சாதாரணக் காற்றை விட்டு மூடினால், அதில் சுமார் 280 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கும். அது முழுவதும் 18 லிட்டர் பீரில் கரைந்தால் நூறு கோடிக்கு 15,000 பங்கு. அவர்கள் வரம்பைப்போல முன்னூறு மடங்கு. எல்லோரும் புது ஹாப்ஸ், புது ஈஸ்ட் என்று காசைக் கொட்டுகிறார்கள். பீர் பாழாவது பெரும்பாலும் ஃபெர்மென்ட்டரிலிருந்து கெக்குக்கு மாறுகிற அந்த இருபது நிமிஷத்தில்தான்.

கரியமில வாயு காற்றைவிடக் கனமானதுதானே? கொஞ்சம் விட்டால் பீர் மேல் போர்வை மாதிரி படுத்துக்கொள்ளாதா?

படுக்காது. வாயுக்கள் கலந்துவிடும். பூஜை அறையில் ஏற்றிய ஊதுபத்தி ஹாலில் மணக்கிறது அல்லவா, அதே சங்கதி. காற்றை விரட்ட வேண்டுமானால் உண்மையிலேயே விரட்ட வேண்டும்.

ஒரு வழி, காஸ் ஏற்றி ஏற்றி வெளியே விடுவது. கெக்கை 30 பிஎஸ்ஐ (காஸ் அழுத்தத்தின் அளவு) வரை நிரப்பி ரிலீஸ் வால்வைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 21 சதவீத ஆக்ஸிஜன் ஒரு தடவையில் 7, அடுத்ததில் 2.3, அதற்கடுத்து 0.8. பத்து தடவை செய்தால் பத்து லட்சத்துக்கு மூன்று நாலு பங்குக்கு வரும். பீர் நிரம்பிய கெக்கின் தலைப்பகுதிக்கு இது கச்சிதம். காலிக் கெக்குக்குச் செய்தால் ஒரு தடவைக்கு 70 கிராம் காஸ் போகும். பத்து தடவைக்கு 700 கிராம். வீட்டில் வைத்திருக்கும் 2.27 கிலோ சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு காலி.

அதனால் காலிக் கெக்குக்கு வேறு வழி. ஸ்டார் சான் என்ற கிருமிநாசினி கலந்த தண்ணீரைக் கழுத்துவரை தளும்பத் தளும்ப ஊற்றுங்கள். மூடியைப் போட்டு, காஸ் பக்கம் 3, 4 பிஎஸ்ஐ கொடுத்து, பீர் பக்கம் வழியாகத் தண்ணீரை அடுத்த கெக்குக்கோ வாளிக்கோ தள்ளிவிடுங்கள். தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது கரியமில வாயு. செலவு 45 கிராம் அளவுதான். மூடியின் குழிவில் கொஞ்சம் காற்று தங்கத்தான் செய்யும். கெக்கைச் சாய்த்துச் சாய்த்து நிரப்பினால் அதுவும் குறையும்.

காசே செலவாகாத வழியும் உண்டு. 19 லிட்டர் சாதாரண பீர் புளிக்கும்போது 350 லிட்டருக்குக் குறையாமல் கரியமில வாயு வெளியேறுகிறது. அதை ஏன் கராஜுக்கு தானம் செய்ய வேண்டும்? ஃபெர்மென்ட்டர் மூடியிலிருந்து ஒரு ட்யூபைக் கெக்கின் பீர் வால்வில் சொருகி, காஸ் வால்விலிருந்து இன்னொரு ட்யூபைத் தண்ணீர் டம்ளருக்குள் விடுங்கள். வாரம் முழுக்க டம்ளரில் குமிழ் வந்துகொண்டே இருக்கும். பீர் தயாராகும்போது கெக்கும் தயார்.

சரி, கெக்குக்கு பீரை மாற்றுவது எப்படி?

மூடியைத் திறக்காமல். ஃபெர்மென்ட்டர் மேசை மேல், கெக் தரையில். ஃபெர்மென்ட்டர் குழாயிலிருந்து வரும் ட்யூபைக் கெக்கின் பீர் வால்வில் மாட்டினால் நீளக் குழாய் வழியே அடியில் சத்தமில்லாமல் ஏறும். கெக்கிலிருந்து வெளியேறும் வாயுவை காஸ் வால்விலிருந்து இன்னொரு ட்யூபில் ஃபெர்மென்ட்டரின் தலைக்கே திருப்பி விடுங்கள். பீர் இறங்க இறங்க அந்த இடத்தை அதே வாயு நிரப்பும். வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை.

மாற்றுவதற்கு முன் கெக்கில் அழுத்தம் மிச்சம் இருக்கக் கூடாது. மறந்தால் கெக்கிலிருக்கும் காஸ் ஃபெர்மென்ட்டருக்குள் குபுகுபுவென்று பாய்ந்து, அடியில் உட்கார்ந்திருந்த மண்டி முழுவதையும் கலக்கிவிடும். இதை நான் ஒரு தடவைக்கு மேல் செய்திருக்கிறேன்.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வெளியே தெரியாது. கெக்கைக் குளியலறைத் தராசில் வைத்து மாற்றினால் சிக்கல் இல்லை.

எத்தனை பிஎஸ்ஐ வைக்க வேண்டும்?

அது பீரின் குளிர்ச்சியைப் பொறுத்தது. குளிர்ந்த பீர் அதிகக் காஸை உள்ளே வாங்கும். 3 டிகிரி செல்சியஸில் 11, 12 பிஎஸ்ஐ வைத்தால் ஒரு லிட்டர் பீரில் இரண்டரை லிட்டர் காஸ் கரையும். அமெரிக்க ஏல் வகைகளுக்கு அதுதான் பக்குவம். ஆங்கிலேயர் பிட்டர் இன்னும் அடக்கமாக இருக்கும். ஜெர்மன் கோதுமை பீருக்கு இன்னும் பொங்க வேண்டும்.

அழுத்தத்தை வைத்துவிட்டு பத்து நாள், இரண்டு வாரம் மறந்துவிடுவது என் வழக்கம். ரெகுலேட்டரைத் தினம் திருகுகிறவர்கள் தோசை மாவைத் தினம் திறந்து பார்க்கிற ஆட்கள்.

நாளை மறுநாள் விருந்து. அவ்வளவு நாள் எங்கே காத்திருக்க?

பீரை முதலில் நன்றாகக் குளிர வையுங்கள். பிறகு 30 பிஎஸ்ஐ வைத்து ஒரு நாள், அதிகம் போனால் ஒன்றரை நாள். காஸை மூடி, உள் அழுத்தத்தை வெளியே விட்டு, 12க்கு இறக்கி, ருசி பாருங்கள். கெக்கைத் தரையில் உருட்டி ஆட்டினால் இன்னும் சீக்கிரம் ஏறும். ஆனால் அளவு தாண்டினால் ஒன்றுக்கு இரண்டு நாள் காஸை இறக்கிக்கொண்டு உட்கார வேண்டும். அவசரத்துக்கு மட்டும்.

டேப்பைத் திறந்தால் கிளாஸ் முழுக்க நுரை. ஏன்?

பத்துக்கு எட்டு வீட்டில் ட்யூப் குட்டையாக இருப்பதுதான் காரணம். கெக்கில் 12 பிஎஸ்ஐ தள்ளுகிறது. கிளாஸில் பீர் மெதுவாக விழ வேண்டும். நடுவில் அந்த வேகத்தை விழுங்குவது மெல்லிய ட்யூபின் உரசல்தான். உள் அகலம் 5 மில்லிமீட்டர் உள்ள சாதாரண வினைல் ட்யூப் என்றால் 3 மீட்டர் வேண்டும். கடையில் கெக்கோடு ஒன்றரை மீட்டர் கொடுத்து அனுப்புவார்கள். அது போதவே போதாது. 4 மில்லிமீட்டர் புது வகை ட்யூப் என்றால் நீளம் குறைத்துக்கொள்ளலாம். அது காற்றையும் உள்ளே விடாது.

முதல் கிளாஸ் மட்டும் நுரைத்து, இரண்டாவது சரியாக வந்தால் டேப் சூடாக இருக்கிறது என்று அர்த்தம். டெக்சாஸ் ஆகஸ்டில் எங்கள் கராஜ் 40 டிகிரியைத் தொடும். நுரைக்காத முதல் கிளாஸை நான் பார்த்ததே இல்லை.

நுரை வருகிறதே என்று அழுத்தத்தை 4, 5க்கு இறக்காதீர்கள். அன்றைக்குச் சரியான மாதிரி இருக்கும். நாலு நாளில் பீரிலிருக்கும் காஸ் வெளியேறி, சப்பென்று ஆகிவிடும். டேப்பையும் அரைகுறையாகத் திறக்கக் கூடாது, சட்டென்று முழுக்க.

சிலிண்டர் ஒரே வாரத்தில் காலி. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை, கசிகிறது. 2.27 கிலோ சிலிண்டர் ஒன்று ஆறேழு கெக்குக்குக் காஸ் ஏற்றி, ஊற்றியும் கொடுக்கும்.

குக்கர் விசில் வராவிட்டால் அம்மா முதலில் கேஸ்கெட்டைத்தான் பார்ப்பாள். இங்கும் அதேதான். பெரிய மூடி வளையம், இரண்டு வால்வுகளின் குட்டி வளையங்கள், ரெகுலேட்டரும் சிலிண்டரும் சேரும் இடத்து வாஷர். சோப்புத் தண்ணீரோ ஸ்டார் சானோ தெளித்துக் குமிழ் தேடுங்கள். எனக்கு ஒரு தடவை எங்கும் குமிழே வரவில்லை. டார்ச் அடித்துப் பத்து நிமிஷம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்க விளிம்பில், குண்டூசித் தலையளவு நுரை ஒன்று மெல்ல வளர்ந்து, உடைந்து, மறுபடி வளர்ந்தது. திறந்தால், வளையத்துக்குக் குறுக்கே ஒரே ஒரு தலைமுடி. அது வழியாக ஐந்து நாளில் ஒரு சிலிண்டர் போயிருக்கிறது.

மூடியை மாட்டும்போது வளையத்தில் உணவுத் தரத்து கிரீஸ் லேசாகத் தடவி, முதலில் 30 பிஎஸ்ஐ கொடுத்தால் மூடி இறுகி உட்காரும். பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

சிலிண்டர் மீட்டரை நம்ப வேண்டாம். உள்ளே திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை, அறை வெப்பத்தில் முள் 800 பிஎஸ்ஐ பக்கத்திலேயே நிற்கும். முள் விழ ஆரம்பித்தால் கதை முடிந்தது. ஊரில் சமையல் காஸ் வாங்கும்போது வெற்று எடை பார்த்துத் தராசில் வைப்போமே, அப்படி எடை போடுவதுதான் வழி. இதிலும் வெற்று எடை கழுத்தில் பொறித்திருக்கும்.

காஸ் கசிந்தால் ஆபத்தா?

மூடிய அறையில் ஆபத்துதான், விளையாட்டு இல்லை. 2.27 கிலோ கரியமில வாயு வெளியே வந்தால் 1,240 லிட்டர். பத்துக்குப் பத்து அறை, எட்டடி உயரம் என்றால் காற்றில் ஐந்து சதவீதத்துக்கு மேல். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறித்திருப்பதே 4 சதவீதம். படுக்கையறை, ஜன்னலில்லாத பேஸ்மென்ட் இரண்டிலும் சிலிண்டர் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் கரியமில வாயு அலாரம் வாங்குங்கள். வீட்டில் ஏற்கனவே மாட்டியிருக்கும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இதற்கு உதவாது.

பெட்டி ஃப்ரீஸர் மூடியைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டுவிடாதீர்கள். கசிந்திருந்தால் மூக்கில் சோடா ஏறிய மாதிரி சுரீரென்று அடிக்கும். பின்வாங்கிக் கராஜ் கதவைத் திறந்துவிட்டு நில்லுங்கள்.

இன்னொன்று: அழுத்தம் இருக்கும் கெக்கின் மூடியை நெம்பாதீர்கள். முதலில் ரிலீஸ் வால்வு.

கெக்கில் பீர் எத்தனை நாள் தாங்கும்?

காற்றுப் படாமல் ஏற்றி, 1 முதல் 4 டிகிரிக்குள் வைத்தால், என் அனுபவத்தில் மங்கலான ஐபிஏ நாலிலிருந்து ஆறு வாரம் உச்சத்தில் இருக்கும். சாதாரண பேல் ஏல் இரண்டு மூன்று மாதம். லாகர் முதல் மாதத்தைவிட மூன்றாம் மாதம் நன்றாக இருக்கும். இம்பீரியல் ஸ்டவுட், பார்லி ஒயின் (பெயர்தான் ஒயின், பீர்தான்) போன்றவை வருஷக் கணக்கில். அவற்றை மூலையில் தள்ளிவிட்டு மறந்துவிடுவது நல்லது, முடிந்தால்.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் பழசாகும் வேகம் இரண்டு மூன்று மடங்கு ஏறும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் இடம் இல்லாமல் வெளியே வைக்க வேண்டிய கெக் என்றால், காஸுக்குப் பதில் சுமார் 100 கிராம் சர்க்கரை போட்டு மூடிவிடலாம். மிச்ச ஈஸ்ட் அதைத் தின்று காஸும் தரும், தப்பி நுழைந்த ஆக்ஸிஜனையும் விழுங்கும். முதல் கிளாஸில் மண்டி வரும், கொட்டிவிடுங்கள்.

குளிர்ந்த கெக் மறுபடி சூடானால் பீர் நாறிவிடும் என்கிறார்களே?

கட்டுக்கதை. அந்த முடை நாற்றம் வெளிச்சம் ஹாப்ஸின் மேல் பட்டு வருவது. பச்சை பாட்டிலுக்கு அந்தக் கவலை உண்டு. எவர்சில்வருக்குள் வெளிச்சம் எங்கிருந்து வரும்? சூட்டில் இருந்த நேரத்துக்கு வயசு கூடும், அவ்வளவுதான்.

கழுவுவது எப்படி?

காலியான அன்றே. வெந்நீர், மணம் சேர்க்காத ஆக்ஸிகிளீன் அல்லது பிபிடபிள்யூ என்ற கழுவும் பொடி, அரை மணி ஊறல். வால்வுகளைக் கழற்றி நீளக் குழாய்க்குள் பிரஷ் விடுங்கள். ஹாப்ஸ் துணுக்கு குடியிருப்பது அங்கேதான். பிறகு ஸ்டார் சான், 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. நுரை மிச்சம் இருந்தால் இருக்கட்டும், அலச வேண்டாம். குளோரின் பிளீச் மட்டும் கூடாது: எவர்சில்வரில் ஊசிக்குத்து மாதிரி ஓட்டை விழும். பீர் வரும் ட்யூபை ஒவ்வொரு கெக்குக்கும் ஒரு தடவை கழுவுங்கள். பார்களுக்குச் சொல்லும் கணக்கு 14 நாள்.

பார்ட்டிக்குக் கை பம்ப் வைத்து ஊற்றலாமா?

ஒரே இரவில் தீர்க்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாக. ஒவ்வொரு அழுத்தலுக்கும் நீங்கள் உள்ளே தள்ளுவது காற்று. மறுநாள் சாயங்காலம் அந்த பீரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கெக்கில் எவ்வளவு மிச்சம் என்று திறக்காமல் தெரிந்துகொள்வது எப்படி?

ஃப்ரீஸரிலிருந்து தூக்கி வெளியே வைத்தால் இரண்டு நிமிஷத்தில் வெளிப்பக்கம் வியர்க்கும். வியர்வை எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவரைதான் பீர். வெந்நீரில் நனைத்த துணியால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, விரலால் தடவிப் பார்த்தாலும் தெரியும். சூடு சட்டென்று முடிந்து குளிர் தொடங்கும் இடம் அது. கெக்கைத் தூக்க முதுகு ஒத்துழைக்காதவர்கள் டேப் இரும ஆரம்பிக்கும்வரை காத்திருக்கலாம். இரும ஆரம்பித்த பிறகு அரை கிளாஸ் வரும், அதில் பாதி நுரை.